எஸ்தர் கடித்துப் பார்த்த கல்

1

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. கால்கரியில் மைனஸ் பதினான்கு டிகிரி. வடக்கிலிருந்து காற்று, பொடிப் பனி. சூரியன் உதிக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. என் மனைவி எஸ்தர் கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்ட வேண்டியவன் நான். எனக்கு எழுபத்தோரு வயது, இடது தோள் சரியில்லை, வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்று வாசலிலேயே நின்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அறுபத்தாறு.

"இன்னாங்க, நின்னுகினு இருந்தா பனி கரஞ்சிடுமா? பூட்ஸ எடுத்தாந்து வண்டியில வையுங்க."

இரும்பு முனை வைத்த பூட்ஸ் இரண்டு ஜோடி, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு, பூதக்கண்ணாடி ஒன்று, புற ஊதா விளக்கு ஒன்று. இருமுறை எண்ணி வைத்தேன்.

நாங்கள் புறப்பட்டது ஒரு கல் கிடங்குக்கு. சித்தூரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். இந்த மாகாணத்தில் எண்ணெய்க்காகத் துளைத்த கிணறுகளிலிருந்து அறுத்து எடுத்த கல்லையெல்லாம் பெட்டிகளில் அடுக்கி, எண் போட்டு, அரசாங்கமே காப்பாற்றி வைத்திருக்கிறது. கட்டணம் கட்டினால் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். நம் ஊரில் நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அதுபோல இங்கே பூமிக்கே வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள்.

எங்களுக்கு ஒரே மகன், டேனியல். முப்பத்தொன்பது வயது. பெரிய எண்ணெய்க் கம்பெனியில் இருந்த வேலையை விட்டுவிட்டு, கிரெக் என்ற நண்பனோடு சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி தொடங்கியிருக்கிறான். ஏழு வாரம் வீட்டுப் பக்கமே வராதவன், போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். சாப்பிட்டு முடித்ததும் மடிக்கணினியைத் திறந்து அம்மா பக்கம் திருப்பி வைத்தான். வடமேற்கே ஓர் இடத்தில், மண்ணுக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே கிடக்கும் ஷேல் என்ற களிக்கல்லில் எண்ணெய் எடுக்கும் உரிமை விலைக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கையெழுத்து. வங்கி ஈடு கேட்டது. தன் வீட்டை எழுதிக் கொடுக்கப் போகிறான். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் குடியிருக்கும் வீடு.

எஸ்தர் திரையில் ஓடிய கோடுகளை நாற்பது நிமிடம் பார்த்தாள். ரசம் ஆறிப்போனது.

"கோடு நல்லாத்தான் கீது. கல்லு எங்க?" என்றாள்.

அந்த இடத்தில் முன்பே துளைத்த ஒரு கிணற்றின் கல் பல வருடங்களாகக் கிடங்கில் தூங்குகிறது, யாரும் பார்க்கவில்லை, பார்க்க அவசியமும் இல்லை, மென்பொருள் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிட்டது என்று டேனியல் ஆங்கிலத்தில் சொன்னான்.

"வீட்ட வெச்சு வாங்கற, கல்லப் பாக்காமயா?"

இப்படித்தான் எங்கள் செவ்வாய்க்கிழமை முடிவானது.

2

எஸ்தர் கல்லைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவள் என்பது எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அதனால்தான் கல்யாணமே நடந்தது.

அப்போது நான் சித்தூர் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணுவது என் பொறுப்பு. எஸ்தரின் அப்பா எங்கள் சபையில் உபதேசியார். சொந்த ஊர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்போன புத்தூர். இவள் திருப்பதியில் பூகர்ப்ப சாஸ்திரம் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை அலிபிரியில் இவள் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதைச் சபையார் ஒருவர் பார்த்துவிட்டார். உபதேசியார் மகள் திருமலைக்குப் போகலாமா? மறுநாளே மூப்பர்கள் கூடி இவளை அழைத்து நிறுத்தினார்கள். அடுத்த அறையில் நான் நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"மலைக்குப் போனியாமே, நெசமா?" என்று மூத்த மூப்பர் கேட்டார்.

"போனேங்க."

"இன்னாத்துக்கு?"

"மலைப் பாதை ஓரத்துல கல்லு பாக்க. காலேஜ்லருந்து பதினாலு பேரு போனோம்."

"நம்ம ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?"

"கல்லு கீதுங்க. ஆனா அங்க அடியில ஒரு கல்லு, அதும்மேல இன்னொரு கல்லு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடுதான். அந்தக் கோட்டுல அம்பது கோடி வருசம் காணாமப் போயிருக்குது."

அவள் அப்பாதான் மெதுவாகக் கேட்டார்.

"காணாமப் போச்சா? யாரும்மா எடுத்துக்கினு போனாங்க?"

"தண்ணி, நைனா. மழை, ஆறு. அந்த நாள்ல படிஞ்சதெல்லாம் கரைச்சு எடுத்துக்கினு போயிடுச்சு. அப்புறம் அதும்மேல புதுசா மணலு வந்து குந்திக்கிச்சு. வாங்க நைனா, ஒரு கை அடியில, ஒரு கை மேல வெச்சிப் பாக்கலாம்."

உபதேசியார் போனாரா என்று கேட்பீர்கள். அடுத்த மாதமே போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதை ஓரத்தில் நின்று, இரண்டு கல்லிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வழிவிட்டு இறங்கி வந்தார். அதற்குப் பிறகு சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. நான்தான் விசாரணை நடந்த நாளின் காணிக்கையை மூன்று முறை எண்ண வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் ஐம்பது கோடி நடுவில் வந்து நின்றது.

பிறகு அவளுக்குக் கால்கரியில் ஆய்வுக்கூட வேலை கிடைத்தது. அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். படிவத்தில் 'சார்ந்திருப்பவர்' என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. சித்தூரில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பார்சல் கம்பெனியில் பெட்டி எண்ணும் வேலை பார்த்தேன். இருபத்துமூன்று வருடம் எண்ணினேன்.

3

ஷேல் என்றால் என்ன என்று ஒருமுறை எங்கள் தமிழ்ச் சங்கத்தில் யாரோ கேட்டார்கள். எஸ்தர் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கும். கடலடிச் சேற்றோடு செத்த பாசியும் பூச்சியும் சேர்ந்து புதைந்து, சூட்டில் வெந்து எண்ணெயாகிறது. அதில் பெரும்பகுதி பிறந்த கல்லை விட்டுக் கிளம்பி, மேலே எங்காவது மணற்கல்லில் போய்க் குடியேறும். பழைய காலத்தில் அதைத்தான் எடுத்தார்கள். துளை போட்டால் தானே வரும்.

"அது நம்மள மாதிரி. ஊர விட்டு வந்த கூட்டம். ஈசியா வெளிய வந்துடும். ஷேல்ல கீது பாருங்க, அது ஊர்லயே தங்கிப்போன கூட்டம். கல்ல ஒடச்சாலொழிய வராது" என்றாள். சங்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

கல்லை உடைப்பதற்குத் தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். கல் மொரமொரப்பாக இருந்தால் விரிசல் விட்டு, விட்டது விட்டபடி நிற்கும். களிமண் அதிகமாக இருந்தால் விரிசல் பிசைந்த மாவு போல மூடிக்கொள்ளும். ஆகவே வாங்குமுன் இரண்டு கேள்வி: எண்ணெய் ஆகிற பொருள் உள்ளே இருக்கிறதா? கல் உடையுமா?

பதில் சொல்ல இரண்டு சாட்சிகள். ஒன்று, லாக். துளைக்குள் கம்பியில் கருவியை இறக்கி, கல்லிலிருந்து வரும் கதிர், அது மின்சாரத்தைத் தடுக்கும் அளவு, அதன் அடர்த்தி எல்லாவற்றையும் கோடுகளாக எழுதிக்கொள்வது. இன்னொன்று, கோர். மனிதக் கை கனத்துக்கு அறுத்து மேலே எடுத்த கல்லே. லாக் மலிவு, கிணற்றின் முழு ஆழத்துக்கும் கிடைக்கும். கோர் விலை அதிகம், கொஞ்சந்தான் எடுப்பார்கள். டேனியலின் கிணற்றில் பதினெட்டு மீட்டர் எடுத்திருந்தார்கள். அவன் வாங்க நினைத்த பகுதி முழுவதும் அதில் இருந்தது.

4

கிடங்கு வாசலில் ஒரு பாதுகாப்புப் படம் காட்டினார்கள். முடிவில் பத்துக் கேள்வி. எஸ்தர் பத்துக்குப் பத்து. நான் ஒன்பது. தீ மணி அடித்தால் எந்தக் கதவு என்ற கேள்வியில் தவறினேன். அதற்காக வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன், ஏழு போதுமாம். சட்டையில் மாட்டும் அட்டையில் எனக்கு 'உதவியாளர்' என்று போட்டிருந்தது. 'சார்ந்திருப்பவ'ருக்கு இது பதவி உயர்வு.

நீளமான மேசைகளில் பெட்டிகளை வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்கள். டேனியல் முன்பே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டிகளை மூவரும் தனித்தனியாக எண்ணினோம். நான் தமிழில், அவள் பள்ளியில் படித்த தெலுங்கில், அவன் ஆங்கிலத்தில். மூன்று பாஷையிலும் பன்னிரண்டுதான்.

பெட்டிக்குள் கல் துண்டு துண்டாகக் கிடந்தது. எஸ்தர் உடைந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்தி, நீளவாட்டில் வரைந்திருந்த சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் ஒழுங்காகத் தொடர்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள். கறுப்பு இடப்பக்கம், சிவப்பு வலப்பக்கம் இருந்தால் துண்டு நேராக நிற்கிறது, மாறியிருந்தால் தலைகீழ். ஐந்தாவது பெட்டியில் ஒரு துண்டு தலைகீழாகக் கிடந்தது. திருப்பி வைத்தாள்.

"புத்தூர்க்காரி இல்ல? ஒடஞ்சத வெச்சுக் கட்டறது ரத்தத்துலயே கீது" என்றேன்.

"வாய மூடிகினு விளக்கப் புடிங்க."

அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டினேன். இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். பகலில் ஒரே கறுப்பாகத் தெரிந்த கல்லில், மேல் எட்டுப் பெட்டிகளிலும் விரற்கடை அகலத்தில் மஞ்சள் பட்டைகள் ஒளிர்ந்தன. எரிமலைச் சாம்பல். பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் எங்கோ மலை வெடித்து, காற்றில் வந்து, அந்தக் கடலில் விழுந்தது. நாற்பத்தொன்று எண்ணினேன். டேனியல் தனக்குள் எண்ணி நாற்பத்துமூன்று என்றான். இருவரும் மறுபடி எண்ணினோம். அவன் சரி.

"பாத்தியா கண்ணு?" என்றாள் எஸ்தர். "சாம்பலும் கதிரு விடும், எண்ணெய்ச் சரக்கும் கதிரு விடும். லாக்ல ரெண்டும் ஒண்ணாட்டம்தான் தெரியும். நீங்க இதைப் பூராவும் எண்ணெய்னு எழுதிகினு இருக்கீங்க."

"கருவி பொய்யா சொல்லும்?" ஆங்கிலத்தில்தான் கேட்டான்.

"பொய் சொல்லல. அரை மீட்டருக்குக் கம்மியா அதுக்குக் கண்ணு தெரியாது. சாம்பலு, களிமண்ணு அல்லாத்தயும் ஒண்ணாக் கொழச்சு ஒரே நம்பராக் குடுத்துடும். நல்ல கருவிதான். நீ கேட்டதுக்குப் பதில் சொல்லிச்சு."

பிறகு, பெட்டியின் ஓரத்தில் உதிர்ந்து கிடந்த கடலைப்பருப்பு அளவு துணுக்கை எடுத்து, முன்பல்லில் வைத்துக் கடித்தாள்.

உங்களுக்கு இது அருவருப்பாக இருக்கலாம். களிக்கல் பார்க்கிறவர்களிடம் இது பழைய வழக்கம். விரலுக்கு எல்லாக் களிக்கல்லும் வழவழப்புதான்; நரநரப்பு பல்லுக்குத்தான் தெரியும். நரநரவென்றால் உள்ளே மணல் பொடி, உடையும் கல். வெண்ணெய் மாதிரி இருந்தால் களிமண்.

"அம்மா, ப்ளீஸ்" என்றான் டேனியல், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு.

அதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். மிக மரியாதையாக, பார்வை அறையில் சாப்பிட அனுமதி இல்லை என்றார்.

எஸ்தர் துணுக்கைக் காட்டி, இது சாப்பாடு இல்லை, கல் என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்து, "கல்லையும்தான்" என்றார். ஆனால் புன்னகையோடு திரும்பி நடந்தார்; தூரத்தில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எஸ்தர் கீழ் நான்கு பெட்டிகளுக்குப் போனாள். லாக்கில் அந்தப் பகுதிக்கு மரியாதையே இல்லை. கதிர் குறைவு, ஒன்றுக்கும் உதவாது என்று டேனியலின் மென்பொருள் சாம்பல் நிறம் அடித்திருந்தது. அங்கே ஒரு துணுக்கை எடுத்து இன்னும் அழுத்திக் கடித்தாள். கடக்கென்று எனக்கே கேட்டது. ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள்.

"இதுதான் கல்லு. கதிரு கம்மியா கீதுன்னா களிமண்ணு கம்மி. ஒடையும். நீ மேல துளைச்சா மாவுல துளைக்கிற மாதிரி. எண்ணெய் இருந்தா இங்கதான், அதும் இந்த பத்தாவது பெட்டியிலதான் நல்லா இருக்கும்."

டேனியலின் முகம் சிவந்தது.

"மூணு மாசம்மா! மூணு மாசமா நானும் கிரெக்கும் ஒக்காந்து பண்ணிகினு இருக்கோம். வெள்ளிக்கெழம கையெழுத்து. நீங்க காலையில வந்து கல்லக் கடிச்சிட்டு அல்லாம் தப்புன்னா, நான் இன்னா பண்றது?"

அவன் பேசியது தமிழ். ஒன்பது வயதில், இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், 'போய்க்கினு' என்று சொன்னதற்காக ஆசிரியை எல்லார் முன்பும் திருத்தினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றோடு வகுப்பையும் விட்டான், வீட்டிலும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டான். முப்பது வருடம். அவன் பேசியது அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை, அவ்வளவு கோபம்.

எஸ்தர் கோபப்படவில்லை. மேல் பெட்டியிலிருந்து ஒரு துணுக்கு, கீழ்ப் பெட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்ன நம்பாத. துன்னிப் பாரு."

அவன் மேற்பார்வையாளரின் முதுகைப் பார்த்தான். முதலாவதைக் கடித்தான். இரண்டாவதைக் கடித்தான். மறுபடி முதலாவதைக் கடித்தான்.

"ச்சே" என்றான் கடைசியில். "வெண்ணெதான்."

5

பல்லால் கண்டதை வங்கியிடம் சொல்ல முடியாது. எஸ்தரே அதை முதலில் சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் கல்லைப் பொடித்து, களிமண் எவ்வளவு, மணல் எவ்வளவு, எண்ணெயாகும் பொருள் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அதற்குக் கட்டைவிரல் அளவு மாதிரி எடுக்கவே அரசாங்கத்திடம் தனி விண்ணப்பம், காரணம், இரண்டு கையெழுத்து. பன்னிரண்டு மாதிரி கேட்டோம். பத்துக்கு அனுமதி வந்தது.

கிரெக் செலவுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. டேனியல் எங்கள் சமையலறையில் நின்று ஒலிபெருக்கியில் பேசியதால் நானும் கேட்டேன்.

"உன் அம்மாவின் பல்லை நம்பி நாம் விற்பவரைக் காத்திருக்கச் சொல்வதா?"

"அம்மாவின் பல் இல்லை, என் பல்" என்றான் டேனியல். "நானும் கடித்தேன். என் வீட்டை மாவுக்குள் புதைக்க மாட்டேன்."

விற்பவர் இரண்டு வாரம் கொடுத்தார். அவசரக் கட்டணத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு நான் பணம் கட்டினேன். அந்த இரண்டு வாரமும் நான் தூங்கவில்லை. எஸ்தர் சொன்னது தவறாக இருந்தால்? நல்ல நிலம் கைவிட்டுப் போயிருந்தால், மகன் இன்னொரு முப்பது வருடம் தமிழ் பேசாமல் இருந்துவிட்டால்? அவளிடம் கேட்டேன்.

"தப்பா இருந்தா தப்புன்னு ஒத்துக்குவேன். கல்லுக்கு நான் யாருன்னு தெரியாது, அதான் அதுகிட்ட எனக்குப் புடிச்சது" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டாள்.

முடிவு வந்தது. மேல் எட்டுப் பெட்டிகளில் களிமண் பாதிக்கு மேல். எண்ணெயாகும் பொருள் லாக் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கீழ்ப் பகுதியில் மணல் பொடி தாராளம், எண்ணெய்ச் சரக்கு சுமார், ஆனால் போதும். ஒன்றில் மட்டும் எஸ்தர் தோற்றாள். அவள் உயர்த்திப் பிடித்த பத்தாவது பெட்டி வெறும் சுண்ணாம்பு, எண்ணெயே இல்லை.

டேனியல் முழு நிலத்தையும் வாங்கவில்லை. கீழ்ப்பகுதி தடிமனாக இருக்கும் ஓரத்தை மட்டும், கால் பங்கு விலைக்கு, வீட்டை ஈடு வைக்காமல் வாங்கினார்கள். கிரெக் தானாகவே வந்து எஸ்தரிடம் கை கொடுத்தான். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், அவளைத் தவிர. ஒரு வாரம் சாப்பாட்டு மேசையிலும் அறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு, "பத்தாவதுல எப்படி ஏமாந்தேன்? ஒரு சொட்டு ஆசிட் விட்டிருந்தா பொங்கிக் காட்டிக் குடுத்திருக்குமே" என்று புலம்பினாள். மகனின் வீட்டைக் காப்பாற்றியவள் ஒரு பெட்டிக் கல்லுக்காக வருந்தியதைப் பார்த்தபோது, நாற்பது வருடத்துக்கு மேலாக நான் யாரோடு குடித்தனம் செய்கிறேன் என்பதை நினைத்து எனக்குக் கர்வமாக இருந்தது.

6

கிடங்குக்குப் போய்வந்த மூன்றாம் நாள்தான் கவனித்தேன். அவள் எல்லாவற்றையும் இடப்பக்கமே மென்றாள். வலப்பக்க மேல்பல் ஒன்று பாதிக்கு உடைந்திருந்தது. கடக்கென்று கேட்டது கல் இல்லை.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா உடனே என்ன டாக்டர்கிட்ட இழுத்துகினு போயிருப்பீங்க. ரெண்டு பெட்டி பாக்காமயே நின்னுபோயிருக்கும்."

பல் மருத்துவர் எதைக் கடித்தீர்கள் என்று கேட்டார். பத்துக் கோடி வருடத்துக் கடலடி என்று சொன்னாள். அவர் எழுதிக்கொள்ளாமல் பேனாவைக் கீழே வைத்தார். வேர்ச் சிகிச்சை செய்து உறை போட்டார்கள். எங்கள் காப்பீடு பாதி தந்தது.

டேனியல் ஆய்வுக்கூடப் பணத்தைக் கடைசிக் காசு வரை கொடுத்துவிட்டான். பெட்டி பார்த்த கட்டணத்தையும் கொடுத்தான். பல்லுக்கும் காசோலை எழுதிக் கொண்டுவந்தான். எஸ்தர் அதை மடித்து அவன் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தாள்.

"பல்லுக்குக் காசு வாங்குனா நான் உன் கூலியாளு ஆயிடுவேன். அம்மாவாப் பாத்தேன், அம்மாவாவே இருந்துட்டுப் போறேன். உங்க நைனா கட்டட்டும், அவரு எண்ணிக்கினே இருக்கட்டும்."

கட்டினேன். ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு டாலர்.